கேட்க மாட்டேன் என்று சொன்னது

பள்ளியைப் பார்வையிட வந்த ஆசிரியர் பயிற்றுநர் கிளம்பிய பிறகு, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டு, எடுத்துப் போகிற கதைப் புத்தகத்தை உண்மையிலேயே படிக்கிறானா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது சரிதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் கணக்கு டீச்சர். நூலகப் பொறுப்பும் என்னிடம்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கான அரசின் வாசிப்பு இயக்கக் கதைப் புத்தகங்கள் வந்தபோது ஏழாம் வகுப்பில் முதலில் கை நீட்டியவன் அவன். நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளில் அவன் எடுத்தது எல்லாவற்றிலும் எளிதான ‘நுழை’. கொஞ்சம் வரிகள், மீதியெல்லாம் படம். “படிச்சு முடிச்சா கேள்வி கேப்பீங்களா டீச்சர்?” என்றான். “கேக்க மாட்டேன்ப்பா” என்றேன். பாடப்புத்தகத்தில் எந்தப் பாடத்தைத் திருப்பினாலும் கடைசியில் குறுவினா, சிறுவினா என்று வினாக்கள். கதைப் புத்தகத்துக்குப் பின்னாலும் வினா காத்திருந்தால் பிள்ளைகளுக்கு அதன்மேல் ஆசை எப்படி வரும்? இந்த எண்ணம் எனக்கு இன்றும் மாறவில்லை.

அப்புறம் விடாமல் எடுத்துப் போனான். ஒரு புத்தகம் திரும்பி வந்தபோது நடுப்பக்கத்தில் காய்ந்த சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. சாப்பிடும்போதுகூட விரித்து வைத்திருக்கிறான் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பயிற்றுநர் அவன் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, “என்ன கதை, சொல்லு” என்றார். அவன் என்னைப் பார்த்தான். வாயே திறக்கவில்லை. “படம் பாத்துட்டுக் குடுத்துடறான் டீச்சர். எழுத்துக் கூட்ட வரல போல, கவனிங்க” என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. எழுத்துக் கூட்டத் திணறுகிற பிள்ளையை இப்போது கண்டுகொள்ளாவிட்டால், எட்டாம் வகுப்பு முடித்து அப்படியே வேறு பள்ளிக்குப் போய்விடுவான். ஆனால் அவன் ஏன் என்னைப் பார்த்தான்? சொன்ன வார்த்தையை நான் காப்பாற்றவில்லை என்றா? புது ஆள் முன்னால் வாயடைத்துப் போகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். தமிழ் டீச்சரிடம் விசாரித்தேன். “வாய்விட்டுப் படிக்கச் சொன்னா தலையைக் குனிஞ்சுக்குவான்” என்றார். அதிலும் தெளிவு கிடைக்கவில்லை.

அடுத்த முறை அவன் ‘நட’ எடுத்தான். நான் எதுவும் சொல்லவில்லை. இப்போது நூலகப் பாடவேளையில் ஒரு கதையை நானே உரக்கப் படிக்கிறேன். பிள்ளைகள் புத்தகத்தை வைத்துக்கொண்டு, வரியில் விரல் வைத்துக் கூடவே வருகிறார்கள். இதைக் கேள்வி என்று சொல்ல முடியாது. ஆனால் படிக்கும்போதே அவன் விரல் எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.