ஓர் ஏர் டிரையருக்காக நின்ற லோரி: பினாங்கின் பிறை வட்டாரத்தில் பார்ட்ஸ் தேடி அலைந்த அனுபவம்

பழுது பார்க்க ஆன நேரம் ஒரு மணிக்கும் குறைவு. மற்ற நேரமெல்லாம் லோரி பட்டறை வாசலில் நின்றது ஒரே ஒரு சாமான் கைக்கு வராததால்தான். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பினாங்கில் லோரி வைத்துப் பிழைக்கும் நம் ஆட்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது சின்னக் கம்பெனி. பாயான் லெப்பாஸ், பத்து காவான் தொழிற்சாலைகளில் கண்டெய்னர் ஏற்றி, பட்டர்வொர்த் துறைமுகத்தில் கொண்டுபோய் விடுவோம். லோரிகளை அனுப்புவது, பட்டறைக் கணக்கு, பார்ட்ஸ் வாங்குவது எல்லாம் என் தலையில்.

டிசம்பர் மாதம், வருடக் கடைசி ஏற்றுமதி நெருக்கடி. பத்து காவானில் சரக்கேற்றிக் கிளம்பிய பிரைம் மூவரில் (டிரெய்லரை இழுக்கும் முன் லோரி) ஜூரு வருவதற்குள் பிரேக் காற்று மீட்டர் இறங்க ஆரம்பித்துவிட்டது. டிரைவர் அண்ணன் அனுபவசாலி. பஸர் அடித்ததுமே ஓரம் கட்டிவிட்டார். நல்ல வேளை. காற்றழுத்தம் ஏறக்குறைய 5 பாருக்குக் கீழே போனால், காற்று தடுத்து வைத்திருக்கும் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடிக்கத் தொடங்கும். அப்புறம் நடு லேனிலேயே நிற்க வேண்டியதுதான். பிரேக் காற்றிலுள்ள ஈரத்தைப் பிரித்தெடுக்கும் ஏர் டிரையரின் அடியில், அந்த ஈரத்தை வெளியே தள்ளும் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டது. கம்ப்ரஸர் அடிக்கும் காற்றெல்லாம் அந்த வழியாகவே போய்க்கொண்டிருந்தது.

கண்டெய்னரை எப்படியோ காப்பாற்றிவிட்டோம். வெளி ஆளிடம் ஒரு பிரைம் மூவர் வாடகைக்கு எடுத்து, டிரெய்லரை மாற்றிக் கட்டி, துறைமுகம் சரக்கு வாங்கும் கடைசி நேரத்துக்குள் கேட் தாண்டிவிட்டது. அந்த ஒரு திரிப்பில் எங்களுக்கு லாபம் போச்சு, வாடிக்கையாளர் போகவில்லை.

இழுவை வண்டி வரும்வரை ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். ஸ்பிரிங் பிரேக்கை விடுவிக்க, சேம்பரின் (அந்த ஸ்பிரிங் அடைந்திருக்கும் உருளைக் கூடு) பின்னால் உள்ள போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கை இழுத்துப் பிடிப்பார்கள். அதைச் செய்த நொடியிலிருந்து அந்தச் சக்கரத்துக்குப் பார்க்கிங் பிரேக் கிடையாது. சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைக்காமல் யாரையும் அடியில் போக விடாதீர்கள். சேம்பரின் ஸ்பிரிங் பக்கத்தைப் பிரித்துப் பார்க்கவும் கூடாது. உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளையே கொல்லும்.

பட்டறையில் ஃபோர்மேன் டிரையரைக் கழற்றிப் பிரித்தார். உள்ளே எண்ணெயும் தண்ணீரும் கலந்த கறுப்புக் களிம்பு. அதைத் துடைத்துவிட்டு, வால்வு உட்காரும் துளையை டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு பக்கம் நீளமாகக் கீறல். நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. “வால்வுக்கு ரிப்பேர் கிட் போட்டாலும் கசிவு நிக்காது, முழு யூனிட் வாங்கிடுங்க” என்றார். சரி, ஒரு யூனிட்தானே, சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்று கிளம்பினேன்.

அந்த லோரியைத் தயாரித்த கம்பெனிக்குப் பிறையில் உள்ள பார்ட்ஸ் கவுண்டரில் இருந்தவர் நம் ஆள்தான், சின்னப் பையன். பழைய யூனிட்டின் தகட்டில் பொறித்திருந்த எண்ணைக் காட்டினேன். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அக்கா, சேசிஸ் நம்பர் போட்டாதான் சிஸ்டத்துல வரும். கிராண்ட் காப்பி இருக்கா?”

இருந்தது. வாகனப் பதிவுப் பத்திரமான கிராண்டில் இருந்த சேசிஸ் எண்ணின் 17 இலக்கத்தையும் தட்டினார், ஒரு பார்ட் எண் வந்தது. அது என் கையில் இருந்த எண் இல்லை. “தம்பி, இது செகண்ட் ஹேண்டா வாங்குன லோரி. முன்னாடி வெச்சிருந்தவங்க யூனிட்டையே மாத்தியிருக்கலாம். இந்தத் தகட்டு நம்பரைக் கொஞ்சம் தேடிப் பாருங்க” என்றேன். “நாங்க சேசிஸ்படிதான் குடுப்போம், இது சரியாத்தான் இருக்கும்” என்று முடித்துவிட்டார். நான் விடவில்லை. தகட்டின் படத்தை அங்கேயே நின்று அவருடைய கவுண்டர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, ‘லோரியில் இருப்பது இந்த எண், இதற்குப் பொருந்தும் என்று நீங்கள் சொன்னதால் வாங்குகிறேன்’ என்று எழுதிவிட்டுத்தான் பணம் கட்டினேன். அந்த ஒரு வரிதான் பிறகு காப்பாற்றியது.

சாமான் பிறையில் இல்லை, ஷா ஆலம் கிடங்கில் இருந்தது. “ராத்திரி லோரியில வந்துடும், நாளைக்கு வாங்க.” மறுநாள் டிசம்பர் 11. சிலாங்கூர் சுல்தான் பிறந்தநாள். சிலாங்கூரில் மட்டும் பொது விடுமுறை, பினாங்கில் வேலை நாள். இங்கே கவுண்டர் திறந்திருக்கிறது, அங்கே கிடங்கு பூட்டிக் கிடக்கிறது. இது அவர்களுக்குத் தெரியாத விஷயமா? முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த நாளை வேறு கடைகளில் தேடச் செலவழித்திருப்பேன். பார்ட்ஸ் எந்த மாநிலத்திலிருந்து வருகிறதோ அந்த மாநிலத்தின் விடுமுறையைப் பாருங்கள். இங்கேயும் அப்படித்தான். ஜூலை 7 பினாங்கில் உலகப் பாரம்பரிய நகர நாள், ஆனால் சிலாங்கூரில் வேலை நாள். அன்று காலையில் சாமான் வந்து சேர்ந்தாலும் எடுத்துக் கொடுக்க இங்கே ஆள் இருக்காது.

வந்த பெட்டியைப் பட்டறையில் பிரித்ததும் ஃபோர்மேன் தலையை ஆட்டினார். எங்கள் பழைய யூனிட்டில் டிரையரோடு நான்கு வழிப் பாதுகாப்பு வால்வும் (ஒரு சுற்றில் காற்று போனாலும் மற்றவற்றைக் காப்பது) சேர்ந்தே இருந்தது. காற்றுக்குழாய் சொருகும் வாய்களின் பக்கத்தில் 21, 22, 23, 24 என்று அச்சுப் பதிந்திருக்கும். 1 என்பது கம்ப்ரஸர் காற்று வரும் வழி, 3 வெளியேறும் வழி, இருபதுகளில் இருப்பவை பிரேக் உள்ளிட்ட ஒவ்வொரு காற்றுச் சுற்றுக்கும் போகும் வழிகள். வந்ததிலோ 21 மட்டும்தான். வெறும் டிரையர். மாட்டவே வழியில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனால், “பெட்டியப் பிரிச்சாச்சு, எடுக்க மாட்டோம்.” பிரிக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? குரலை உயர்த்தாமல் மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மதியம், தொழுகை முடிந்து அவர் வரும்வரை அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. வாட்ஸ்அப்பைக் காட்டினேன். தேதி, நேரம், படம், அந்த வரி, பதிலுக்கு அவர்கள் அனுப்பிய ‘ஓகே’. மேனேஜர் இரண்டு முறை படித்துவிட்டு, திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார். பணமாகத் தரவில்லை, கணக்கில் வரவு வைத்தார்கள். அதுவே பெரிது.

ஆனால் லோரி இன்னும் நிற்கிறது. லோரிக் கடனுக்கு மாதத் தவணை நிற்கவில்லை, காப்புறுதி நிற்கவில்லை. டிரைவர் அண்ணனுக்குத் திரிப் காசுதான் பெரிய வருமானம். அவர் தினமும் காலையில் வந்து, ஒன்றும் கேட்காமல், லோரியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கடைசியில் வழி காட்டியது பிறையில் உள்ள ஒரு பழைய சீனர் கடை. கம்ப்யூட்டர் உண்டு, ஆனால் கடை முதலாளியான தவுக்கே அதைத் தொடவில்லை. பழைய யூனிட்டை வாங்கி, கைத்துணியால் தகட்டைத் துடைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எண்ணைப் படித்தார். “இது லோரிக் கம்பெனி சாமான் இல்ல, பிரேக் கம்பெனி சாமான்” என்றார். வாப்கோ, நோர் பிரெம்சே போன்ற கம்பெனிகள் பிரேக் சாமான்களைச் செய்து பல லோரிக் கம்பெனிகளுக்கும் பஸ் கம்பெனிகளுக்கும் கொடுக்கின்றன. லோரிக் கம்பெனி அதற்குத் தன் எண் ஒன்றைக் கொடுத்து, தன் பெட்டியில் போட்டு விற்கும். உள்ளே இருக்கும் பொருளின் சொந்த எண் தகட்டில் இருக்கிறது. கிளட்ச், பேரிங், ஃபில்டர் எல்லாவற்றிலும் இதே கதைதான். தவுக்கே ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். பஸ்ஸுக்காக வாங்கி வைத்தது. அதே எண், இருபதுகளில் நான்கு வாயும் இருந்தன. விலையும் கவுண்டரில் கேட்டதைவிடக் குறைவு. சாப்பாட்டு நேரத்துக்குள் மாட்டி, காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்த்து முடித்துவிட்டார் ஃபோர்மேன். டிரைவர் அண்ணன் சாவியை வாங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு நாங்கள் மாற்றியவற்றைச் சொல்கிறேன். முதல் வேலை எண் சேகரிப்பு. ஒவ்வொரு லோரிக்கும் ஒரு ஃபைல். சேசிஸ் எண், இன்ஜின் எண் மட்டும் போதாது. இப்போது லோரியில் உண்மையாகவே மாட்டியிருக்கும் டிரையர், பிரேக் சேம்பர், கிளட்ச் பூஸ்டர், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், வாட்டர் பம்ப், ஒவ்வொன்றின் தகடும் படத்தில் இருக்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் லோரி என்றால் இது கட்டாயம். கடைக்குப் போகும்போது பழைய சாமானையும் கையோடு கொண்டு போங்கள். புதியது பொருந்தி லோரி ஓடும்வரை பழையதை இரும்புக்குப் போடாதீர்கள்.

அடுத்தது அலமாரி. எல்லாச் சாமானையும் வாங்கி அடுக்க நம்மிடம் பணம் கிடையாது, தேவையும் இல்லை. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இது உடைந்தால் லோரி அந்த இடத்திலேயே நிற்குமா? நிற்கும் என்றால், விலையும் கட்டுப்படியாகும் என்றால், வாங்கி வைத்துவிடு. ஈரத்தை உறிஞ்சும் டிரையர் கார்ட்ரிட்ஜ், வால்வு கிட், 30/30 அளவு ஸ்பிரிங் பிரேக் சேம்பர், பிரேக் ஹோஸ், 6, 8, 12 மில்லிமீட்டர் காற்றுக்குழாயும் அதன் இணைப்புகளும், பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், சக்கர பேரிங், ஆயில் சீல், வீல் ஸ்டட், டீசல் ஃபில்டர், 24 வோல்ட் ரிலே. இவை ஓர் இரும்பு அலமாரிக்குள் அடங்கிவிடும். டர்போ, இன்ஜெக்டர், கியர்பாக்ஸ் போன்றவற்றில் பணத்தை முடக்காதீர்கள். அவற்றுக்கு, பழையதை வாங்கிக்கொண்டு சரிசெய்த யூனிட்டை உடனே தரும் கடை எது என்று பார்த்து முன்கூட்டியே பேசி வையுங்கள். லோரி நின்ற பிறகு பேசினால் விலை வேறு மாதிரி இருக்கும்.

ரப்பர் சாமானை மட்டும் அதிகம் சேர்க்காதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் சும்மா கிடந்தே கெட்டியாகிவிடும். வாங்கிய தேதியைப் பெட்டியில் எழுதி, பழையதை முதலில் எடுங்கள். கார்ட்ரிட்ஜின் வாயை மூடியிருக்கும் பிளாஸ்டிக்கை மாட்டும் நேரம்வரை பிரிக்கக் கூடாது, உள்ளே இருக்கும் குருணை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டுவிடும். நாங்கள் வருடம் ஒருமுறை கார்ட்ரிட்ஜ் மாற்றுகிறோம். அது ஈரத்தைத் தடுக்காவிட்டால் தண்ணீர் டாங்கிக்கும் மற்ற வால்வுகளுக்கும் போய், செலவு பல மடங்காகிவிடும்.

போலிச் சாமான் பற்றி என் கருத்து கறாரானது. கண்ணாடி, மட்கார்ட், விளக்குக் கூடு இவற்றில் மலிவு பார்க்கலாம். பிரேக், ஸ்டீயரிங், சக்கரம் சம்பந்தப்பட்ட எதிலும் பார்க்கக் கூடாது. பெட்டி அச்சு அசலாக இருக்கும். சாமானைக் கையில் எடுத்து எடை, வார்ப்பில் உள்ள எழுத்து, எண் பொறித்திருக்கும் விதம் மூன்றையும் பழையதோடு ஒப்பிடுங்கள். ரசீதில் பார்ட் எண் எழுதாத கடையில் பிரேக் சாமான் வாங்காதீர்கள்.

எங்கள் யார்டுக்குப் பக்கத்தில் இன்னும் சில சின்ன முதலாளிகள் இருக்கிறார்கள். ஒத்த மாதிரி லோரி உள்ளவர்களைச் சேர்த்து, விலை கூடிய சேம்பர், பூஸ்டர் போன்றவற்றைப் பொதுவில் வாங்கி வைத்திருக்கிறோம். எடுத்தவர் அன்றைக்கே அதே எண்ணில் திருப்பி வாங்கி வைக்க வேண்டும், பலகையில் பெயர் எழுத வேண்டும். பிறைத் தவுக்கேயும் அவருடைய சரக்கில் கொஞ்சம் எங்கள் அலமாரியில் வைத்திருக்கிறார். எடுத்தால் பில், எடுக்காவிட்டால் அவருடைய சரக்கு. இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒழுங்காகப் பணம் கட்டுபவர்களுக்குப் பல கடைகள் சம்மதிக்கும்.

6 மாதத்துக்கு ஒருமுறை புஸ்பாகோம் நிலையத்தில் வாகனச் சோதனைக்குப் போகும் முன்னும் இதே அலமாரிதான் கை கொடுக்கிறது. இரண்டு வாரம் முன்னாலேயே பிரேக்கைக் கழற்றிப் பார்த்து, வேண்டியதை வாங்கிவிடுகிறோம். சீனப் பெருநாளுக்கு ஜனவரி தொடக்கத்திலேயே பட்டியல் போடுகிறோம், அந்த வாரம் பிறையில் பாதிக் கடை மூடியிருக்கும்.

இன்னும் ஒரு லோரியின் கிளட்ச் பூஸ்டர் எண் மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. பழைய முதலாளி சேசிஸுக்குப் பெயின்ட் அடித்தபோது தகட்டின் மேலேயே அடித்துவிட்டார்கள். தின்னர் போட்டுத் துடைத்தால் பொறித்த எழுத்து தெரியும் என்று ஃபோர்மேன் சொல்லியிருக்கிறார், இந்த ஞாயிறு பார்க்கப் போகிறோம். உங்கள் லோரிக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுத்தால், முதலில் எல்லாத் தகட்டின் மேலும் டேப் ஒட்டச் சொல்லுங்கள்.