கோஹிமா: ஆயாவின் அண்ணனைத் தேடிப் போன பயணம்

நாகாலாந்தின் திமாப்பூர் ரயில் நிலைய வாசலில் ஒரு டாக்ஸிக்காரர் கோஹிமாவுக்கு 4,000 ரூபாய் கேட்டார். வெளியூர் முகம் தெரிந்தால் போதும், இப்படித்தான் கேட்கிறார்கள். கொஞ்ச தூரம் நடந்து, பலரோடு பகிர்ந்து போகும் சுமோ வண்டியில் 400 ரூபாய்க்கு இடம் பிடித்தேன். எழுபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் பாதி வழி பெயர்த்துப்போட்ட மலைச்சாலை. வாயெல்லாம் புழுதி, இடுப்பு கழன்றுவிட்டது. பின்சீட்டில் மட்டும் உட்காராதீர்கள்.

போனது ஆயாவின், அதாவது என் பாட்டியின், அண்ணனுக்காக. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து போய்ப் பட்டாளத்தில் இருந்தவர். 'பர்மா சண்டையில் போயிட்டார்' என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியாது. பர்மா என்றதால் ரங்கூன் பக்கத்தில் தௌக்கியான் நினைவகப் பட்டியலிலேயே மாதக்கணக்கில் தேடினேன். அங்கே கிட்டத்தட்ட 27,000 பெயர்கள். நேரில் போய்க் கேட்ட ஓர் அலுவலகத்தில், படைப்பிரிவு தெரியாமல் ஏன் வந்தாய் என்று விரட்டாத குறை.

வழி திறந்தது ஆயாவின் தகரப்பெட்டியில் கிடந்த பென்ஷன் தாளில். அதில் அவருடைய படை எண் இருந்தது. உலகப் போர்களில் இறந்த பிரிட்டிஷ், இந்திய வீரர்களின் நினைவிடங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். நம் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள், அதனால் பெயரை நம்பவே நம்பாதீர்கள், எண்ணைப் பிடியுங்கள். எங்கள் ஆள் பெயரில் இரண்டெழுத்து மாறியிருந்தது. ஆனால் கீழே மனைவி பெயர், ஊர், 'வட ஆற்காடு' எல்லாம் சரியாக இருந்தன. இடம்: கோஹிமா தகன நினைவகம்.

பர்மாவே இல்லை! 1944 ஏப்ரல் 4 முதல் ஜூன் 22 வரை ஜப்பானியரோடு சண்டை நடந்த நாகா மலை. அன்று அது அஸ்ஸாமைச் சேர்ந்தது.

கல்லறைத் தோட்டம் ஊர் நடுவிலேயே, சரிவில் அடுக்கடுக்காக இருக்கிறது. அன்று இதே இடத்தில் இருந்த துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்தில் இரு பக்கமும் சில கஜ தூரத்தில் நின்று சண்டை போட்டிருக்கிறார்கள். அந்த மைதானத்தின் கோடுகளை இன்றும் வெள்ளையாகக் காட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாரும் அங்கேயே படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. உச்சியில்தான் தகன நினைவகம், எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்களோடு. நான் இருந்த இரண்டு மணி நேரத்தில் மேலே வந்தவர்கள் மூன்றே பேர்.

அவர் பெயரைக் கண்டுபிடித்தேன், அந்த இரண்டெழுத்துப் பிழையோடு. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். "ஆயா இருந்திருந்தா" என்றவர் அப்புறம் பேசவே இல்லை. ஊரிலிருந்து கொண்டுபோன விபூதியைப் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இறங்கியதும் அகோரப் பசி. சந்துக்குள் ஒரு சின்ன உணவகத்தில் மூங்கில் குருத்து போட்ட புகையூட்டிய பன்றிக்கறி, சோறு, ராஜா மிளகாய்த் துவையல். காரம் காது வரை ஏறியது. என்ன ருசி! கேட்காமலே மறுசோறு போட்டார் அந்த அக்கா. எதற்கு வந்தேன் என்று சொன்னதும் மறுசோற்றுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

சரி, செலவுக் கணக்கை அடுத்த பதிவில் போடுகிறேன். நாகாலாந்துக்குள் போகத் தேவையான உள்நுழைவு அனுமதியை மட்டும் கிளம்பும் முன்பே இணையத்தில் வாங்கிவிடுங்கள். அந்த நினைவகப் பலகைகளில் நம் பக்கத்துப் பெயர்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் படம் எடுத்து வந்திருக்கிறேன். வீட்டில் பழைய பென்ஷன் தாள் இருந்தால் எண்ணைச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.