மஞ்சள் கிண்ணத்தில் ஒரு துடுப்புச் சிறகு

மைமாரிடே குடும்பக் குளவிகளைத் தேடி கும்பகோணம் பக்கம் எங்கள் சம்பா வயலில் கிண்ணம் வைத்து மூன்று வாரம் ஆகிறது. ஆங்கிலத்தில் ‘ஃபேரி ஃப்ளை’ என்பார்கள். ஆனால் ஈ இல்லை, குளவிதான். வேறு பூச்சியின் முட்டைக்குள் முட்டையிடும். குஞ்சு அதைத் தின்றே வளர்ந்து குளவியாக வெளிவரும்.

முதல் வாரம் வீண். வரப்பில் மஞ்சள் கிண்ணங்கள் வைத்து, பூச்சி மிதக்காமல் மூழ்குவதற்காகத் தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்புத் திரவம் விட்டேன். இரவு மழையில் எல்லாம் நிரம்பி வழிந்துவிட்டது. அடுத்த முறை டீ வடிகட்டியில் வடித்தேன். இந்த அளவுப் பூச்சிக்கு அது வாசற்கதவு மாதிரி. பழைய வேட்டித் துணிதான் சரி.

இரண்டாம் வாரம், நாலாவது கிண்ணம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததும் கை நின்றுவிட்டது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத உடல். முன்சிறகு நூல் போல நீண்டுபோய், நுனியில் மட்டும் துடுப்பாக விரிகிறது. அதன் ஓரமெல்லாம் நீண்ட மயிர். பின்சிறகு வெறும் இழை. இவ்வளவு சின்ன உடலுக்குக் காற்றே கெட்டியான திரவம் போலத்தான் இருக்கும், அதில் துழாவிப் போக மயிர் விளிம்பே போதும். இது மைமார் டாப்ரோபானிகம். 1875இல் இலங்கையிலிருந்து விவரிக்கப்பட்டது. அந்தத் தீவின் பழைய கிரேக்கப் பெயர்தான் இதற்கும்.

அப்புறம் உயிரோடு பார்க்கும் ஆசை வந்தது. நெல்லில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சியான புகையான் இருந்த தூர்களை வெட்டி வந்து, பழுப்புக் கீறல் தெரிந்த இலையுறையை ஊசியால் பிரித்தேன். உள்ளே வாழைச் சீப்பு போல வரிசையாக முட்டைகள். நல்ல முட்டையில் சிவப்பாகக் கண்புள்ளி மட்டும் தெரியும். சில முட்டைகள் முழுக்கச் செம்மஞ்சளாக இருந்தன, உள்ளே குளவி வளர்வதன் அடையாளம். அவற்றை ஈரப் பஞ்சோடு கண்ணாடிக் குழாயில் போட்டு வாயைத் துணியால் கட்டினேன். ஒன்பதாம் நாள் காலை ஏழு குளவிகள் வெளிச்சம் வந்த பக்கமாக ஏறிக்கொண்டிருந்தன. எல்லாம் அனக்ரஸ், இதே குடும்பம். இரண்டை ஆல்கஹாலில் வைத்துக்கொண்டு, மீதியை வயலிலேயே விட்டேன்.

புகையானுக்கு அடிக்கிற மருந்தில் இவையும் சாகின்றன என்பது எனக்கு ரொம்ப வருத்தம். அறுவடைக்குப் பிறகு வரப்புப் புல்லில் இருக்கும் தத்துப்பூச்சிகளின் முட்டைதான் இவற்றுக்குக் கதி. அதனால் கிழக்கு வரப்பை மட்டும் செதுக்க வேண்டாம் என்று பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார். தை முடிந்ததும் அடுத்த கிண்ணங்கள் அங்கேதான்.