மூன்றாவது டிக்

மீட்கப்பட்ட குழந்தையின் வீட்டு நிலையை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கைக்கான படிவம் 22-ல் தந்தைக்கும் குழந்தைக்கும் உள்ள உறவு எப்படி என்று ஒரு வரி வரும். சுமுகம், சுமுகமில்லை, தெரியவில்லை: மூன்றில் ஒன்றுக்கு டிக் போட வேண்டும். சமூகப் பணியாளராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பெரும்பாலும் மூன்றாவதற்கே போட்டுவந்தேன்.

திருப்பூரில் நான் வீடு பார்க்கப் போகிற நேரம் காலை 11 மணி. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர் காலை 8.30-க்கு உள்ளே போனால் இரவு 8.30-க்குத்தான் வெளியே வருவார். அம்மா பேசுவார், பாட்டி பேசுவார், பக்கத்து வீட்டுக்காரர்கூட வந்து பேசுவார். அப்பாவின் வயதையும் வருமானத்தையும் அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வேன். "இந்த அப்பாக்களுக்கு அக்கறையே இல்ல" என்று அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டே அலுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி.

வீட்டைவிட்டு ஓடி, ரயில் நிலையத்தில் மீட்கப்பட்ட 13 வயதுப் பையனைப் பற்றி நான் எழுதிய அறிக்கையைப் புரட்டிய, இப்படிப்பட்ட குழந்தைகளை யாரிடம் விடுவது என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் உறுப்பினர், "அப்பாவைப் பார்த்தியாம்மா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

ஞாயிறு காலை அந்தப் பையனின் அப்பாவைப் பார்க்கப் போனேன். பகல் 12 மணிக்கு டாஸ்மாக் திறப்பதற்குள் பேசிவிடலாம் என்பது என் கணக்கு. அவர் குடிப்பதே இல்லையாம்.

"என்னைய எதுக்குங்க மேடம், அவளக் கேட்டாச் சொல்லிருவாளே" என்று சட்டையைத் தேடிக்கொண்டு உள்ளே நழுவப் பார்த்தார். படிவத்தை வெளியே எடுக்கவில்லை. பவர் டேபிள் டெய்லர். பீஸ் ரேட், நூல் அறுவது, முதுகுவலி என்று அரைமணி நேரம் போனது. பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்: "பெல்ட்டால அடிச்சது நான்தானுங்க. அன்னைக்கு ராத்திரிதான் போனான்." மூன்று முறை போனபோதும் அந்த அம்மா சொன்னது, "கூட்டாளி கெடுத்துட்டானுங்க" என்பது மட்டும்தான்.

வெளியே வந்ததும் அம்மாவைத் தண்ணீர்க் குழாயருகே தனியே நிறுத்தி, "உங்களையும் அடிப்பாரா?" என்றேன். இல்லை என்றார். கணவரை உட்காரவைத்துப் பேசுவதற்கு முன்பே இதைக் கேட்டிருக்க வேண்டும். மனைவி அடி வாங்குகிற வீடாக இருந்தால், நான் கிளம்பியபின் அந்தப் பேச்சுக்கான கூலி அவர் முதுகில்தான் விழும்.

அடுத்த சனிக்கிழமை இரவு அந்த அப்பாவிடமிருந்து போன். வாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு வருகிற வழி. "பையன் முன்னால உக்காந்தாப் பேசவே மாட்டேங்கறானுங்க மேடம். என்னன்னு ஆரம்பிக்கறது?"

எனக்கும் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. "சாப்பிட்டானான்னு கேளுங்கண்ணா" என்றேன்.