தலைமடையில் குறையும் தண்ணீர்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் சிறிய ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுவது என் சின்ன மாமாதான். விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். முந்தின வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்து, தடியில் காயம் படாமல் பட்டையை மட்டும் மெல்லிய சீவலாக இழுத்து, சிரட்டையைச் சரிசெய்துவிட்டு அவர் அடுத்த மரத்துக்கு நகர்வதைப் பார்ப்பவர்கள், இவருக்கு 22 வருடமாக மனச்சிதைவு நோய் இருக்கிறது என்றால் நம்பமாட்டார்கள். அதே மனிதரிடம் தேங்காய் எண்ணெய், புளி, தீப்பெட்டி, அரைக்கிலோ சீனி என்று நான்கு சாமான்களைச் சொல்லிக் கடைக்கு அனுப்பினால், இரண்டோடு திரும்பி வருவார். "வெட்டுக்குப் போகத் தெரியுது, கடைக்குப் போகத் தெரியலியோ?" என்று அம்மா தன் தம்பியை நெடுங்காலம் கடிந்துகொண்டிருந்தார். அதைச் சோம்பல் என்றே நானும் நினைத்தேன்.

யாரும் பேசாமலே அவர் காதில் கேட்ட குரல்கள் மருந்தால் எப்போதோ அடங்கிவிட்டன. ஆனால் இந்த மந்தம் அடங்கவில்லை. குரல்களுக்கு எதிராக வேலை செய்யும் மாத்திரைகள் நினைவையும் கவனத்தையும் பெரிதாக மீட்டுத் தருவதில்லை என்பதையும், அன்றாட வாழ்க்கையை ஒருவர் எவ்வளவு தூரம் தனியாக நடத்த முடியும் என்பதைக் குரல்களைவிட இந்தத் திறன்களே பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதையும் நான் தாமதமாகத்தான் அறிந்தேன். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1890களில் ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரெப்பலின் இந்த நோய்க்கு வைத்த பெயரே, இளவயதில் வரும் அறிவுத்தளர்ச்சி என்று பொருள்படும். 1908இல் சுவிஸ் மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 'ஸ்கிட்சோஃப்ரினியா' என்று பெயரை மாற்றினார். 1950களில் வந்த மருந்துகள் மாயக்குரல்களையும் மாய நம்பிக்கைகளையும் கட்டுப்படுத்தத் தொடங்கியதும், எல்லாருடைய கண்ணும் அவற்றின் மேலேயே நின்றுவிட்டது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆதரவில் நடந்த மாட்ரிக்ஸ் என்னும் முயற்சி, இந்நோயில் அளந்து பார்க்க வேண்டிய திறன்களை ஏழாக வகுத்தது. தகவலைக் கையாளும் வேகம், நீடித்த கவனம், மனத்தில் தற்காலிகமாக ஒன்றைப் பிடித்துவைத்துக்கொண்டே வேலை செய்யும் செயல்நினைவு, கேட்டுக் கற்றல், பார்த்துக் கற்றல், காரணம் கண்டு சிக்கல் தீர்த்தல், பிறர் மனநிலையைப் புரிந்துகொள்ளும் சமூக அறிதல் ஆகியவையே அந்த ஏழு. நோயுள்ளவர்களின் சராசரி இவை எல்லாவற்றிலுமே பொதுமக்களின் சராசரியைவிடக் கீழே நிற்கிறது. சராசரி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறைவே இல்லாமல் தேர்வை முடிப்பவர்களும் உண்டு.

இத்திறன்களை அளக்க மாமாவுக்கு வைத்த தேர்வுகளில் ஒன்றை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தாளின் தலைப்பில் 1 முதல் 9 வரை எண்களும் ஒவ்வொன்றுக்கும் உரிய குறியும் அச்சிடப்பட்டிருந்தன. கீழே இருந்த குறிகளுக்கு நேராக உரிய எண்ணை எழுத வேண்டும். நேரம் 90 நொடி. ஒரு பிழைகூட இல்லாமல் மாமா எழுதினார். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருமுறை தலைப்பைப் பார்த்து, திரும்பி வந்து, சந்தேகப்பட்டு மறுபடியும் பார்த்தார். மணி அடித்தபோது மூன்றாம் வரியில்தான் நின்றிருந்தார். மிகச் சாதாரணமாகத் தோன்றும் இந்த வகைத் தேர்வில்தான் மனச்சிதைவு உள்ளவர்களின் பின்னடைவு மிகப் பெரிதாகத் தெரிகிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஏழு திறன்களும் ஏழு தனித்தனிக் குறைகளா, ஒரே குறையின் ஏழு முகங்களா என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த கேள்வி. ஒரு தேர்வில் நன்றாகச் செய்பவர் மற்றதிலும் நன்றாகச் செய்யும் போக்கைக் கண்டு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொதுத்திறன் இருக்கிறது என்று 1904இலேயே ஆங்கிலேய உளவியலாளர் சார்ல்ஸ் ஸ்பியர்மன் வாதிட்டார். டுவைட் டிக்கின்சனும் சக ஆய்வாளர்களும் 2004இல் இதை இந்நோய்க்குப் பொருத்திப் பார்த்தபோது, நோயின் பாதிப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அந்தப் பொதுத்திறன் வழியாகவே செல்வதாகத் தெரிந்தது. மீதியில், சொற்களை நினைவில் வைப்பதும் வேகமும் தனியாகவும் அடிவாங்கியிருந்தன. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளங்கவைப்பது எளிது. பேச்சிப்பாறை அணையில் திறக்கும் தண்ணீர் தலைமடையிலேயே குறைந்தால் கடைமடைகள் எல்லாம் சேர்ந்து காயும். அதற்கு மேல், இரண்டு மடைகளில் தனியாக மண்ணும் அடைத்திருக்கிறது. கடைமடைக்காரனைச் சோம்பேறி என்று யாரும் சொல்வதில்லை.

தலைமடை என்பது வேகமேதான் என்று சிலர் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனாலும் கடைச்சாமான் விஷயத்தை வேகம் நன்றாகவே விளக்குகிறது. அம்மா நான்காவது பொருளைச் சொல்லும்போது மாமாவின் மனம் இரண்டாவதில்தான் இருக்கிறது, ஆகவே கடைசி இரண்டும் உள்ளே பதிவதே இல்லை. பதியாததை மறந்துவிட்டார் என்று குற்றம் சொல்வதில் நியாயமில்லை. பால் வெட்டு அப்படியல்ல. கை பழகிச் செய்யும் திறன் இந்நோயில் ஒப்பீட்டளவில் குறைவாகவே பாதிக்கப்படுகிறது, மரமும் அவரை அவசரப்படுத்துவதில்லை. அவரே ஒருமுறை என்னிடம், "ஒண்ணொண்ணாச் சொல்லு மக்களே, ஓடாத" என்று கேட்டிருக்கிறார். எந்தத் தேர்வுத்தாளும் இல்லாமல் அவர் கண்டறிந்தது அது.

கைநடுக்கத்துக்காக அவர் பல வருடம் சாப்பிட்ட டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையும் நினைவைக் கொஞ்சம் மங்கவைக்கும் என்று இப்போது பார்க்கும் மருத்துவர் சொல்லி, படிப்படியாகக் குறைத்தார். நாமாக நிறுத்தக்கூடிய மருந்தல்ல அது. பயிற்சியாளர் துணையோடு செய்யும் அறிதிறன் பயிற்சிகளும் இருக்கின்றன. பலன் மிதமானது, வேலைப் பயிற்சியோடு சேரும்போது கூடுதலாக நிற்கிறது. நாகர்கோவில் வரை வாரம் இரண்டு முறை பேருந்தில் போய்வருவது வெட்டு நாட்களில் நடக்காத காரியம் என்பதால், எங்களால் அதைத் தொடர முடியவில்லை.

அம்மா இப்போது சாமான்களைத் தாளில் எழுதித் தருகிறார். போன வாரம் ரப்பர் ஷீட் எடை போட்ட அன்று, ரப்பர் கடைக்காரர் எடையையும் விலையையும் கழிவையும் ஒரே மூச்சில் சொல்லத் தொடங்கியதும், மாமா கையைக் காட்டி நிறுத்தி, எழுதித் தரச் சொன்னாராம். கடைத்திண்ணையில் உட்கார்ந்து அதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. கணக்குச் சரியாகத்தான் இருந்தது.