ஒன்பது ஏக்கரில் அரை ஏக்கர்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் லீ கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி), கிடிங்ஸ் ஊருக்குத் தென்மேற்கே ஒன்பது ஏக்கர் வாங்கினோம். பத்திரம் முடிந்த மூன்றாவது வாரம், வேலியோரப் புதரை வெட்டும்போது அரிவாள் 'ணங்'கென்று கல்லில் பட்டது. கல்லறைக் கல். சுற்றித் தேடினால் மொத்தம் ஏழு. விற்றவரும் மூச்சுவிடவில்லை, வில்லங்கம் பார்த்துக் கொடுத்த கம்பெனியின் அறிக்கையிலும் இல்லை.

யாரும் அறியாத இடுகாட்டைக் கண்டால் 10 நாளுக்குள் பத்திரங்களைப் பதியும் கவுண்டி கிளார்க்கிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எழுதிக் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாதான், "யாரு பெத்த பிள்ளைகளோ, இப்படிப் புதருக்குள்ள கிடக்குதுகளே" என்று தினமும் சொல்லிக்கொண்டே இருந்தார். சரி, மாநில வரலாற்று ஆணையத்திடம் 'வரலாற்றுச் சிறப்புள்ள கல்லறை' என்று பதிவு வாங்கிவிடுவோம் என்று இறங்கினேன். ஐம்பது வருடம் பழையதாக இருந்தால் போதும். படம், வரைபடம், பத்திர விவரம், சிறு வரலாறு எல்லாம் கேட்பார்கள்.

முதலில் கல்லைப் படிக்க வேண்டுமே. அம்மா தேங்காய் நாரும் பாத்திரம் தேய்க்கும் பொடியுமாகக் கிளம்பிவிட்டார். கவுண்டி வரலாற்றுக் குழுவிலிருந்து உதவிக்கு வந்த பெரியவர் பதறிப்போய்த் தடுத்தார். தண்ணீரும் மென்மையான பிரஷும் மட்டும்தானாம். பிளீச், கம்பி பிரஷ் கூடவே கூடாதாம். அவர் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, வெயிலைக் கல்லின்மேல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தார். வெறும் பாசியாகத் தெரிந்த இடத்தில் எழுத்து எழும்பி வந்தது. ஐந்து கல்லில் 'கெப்.', 'கெஸ்ட்.' என்று இருந்தன. கெப் என்பது குடும்பப் பெயர் என்று நினைத்து நான் குறிப்புகூட எழுதிவிட்டேன். ஜெர்மனில் 'பிறப்பு', 'இறப்பு' என்பதன் சுருக்கமாம். பெரியவர் சிரிக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை.

மற்ற இரண்டு கல்லில் இருந்தது ஜெர்மனும் இல்லை, வெண்டுகளின் மொழியான வெண்டிஷ். ஜெர்மனியின் கிழக்கே உள்ள லுசாட்டியாவிலிருந்து வந்த சிறு ஸ்லாவிய இனத்தார் வெண்டுகள். பிரஷ்ய அரசு லூத்தரன் சபையை வேறு சபையோடு இணைக்கச் சொன்னதும், மொழியும் போய்விடும் என்ற பயமும் சேர்ந்து, 1854-இல் பாதிரியார் யான் கிலியான் தலைமையில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் 'பென் நெவிஸ்' கப்பலில் டெக்சஸுக்குக் கிளம்பினார்கள். வழியிலேயே காலரா பலரைக் கொண்டுபோனது. மிச்சமிருந்தவர்கள் உருவாக்கிய ஊர்தான் செர்பின். அங்கே 1871-இல் கட்டிய தேவாலயத்தில் பிரசங்க மேடை மாடி உயரத்தில் இருக்கும். அந்தக் காலத்தில் ஆண்கள் மாடியில், பெண்களும் பிள்ளைகளும் கீழே உட்கார்வார்கள். சாலையோரம் இதையெல்லாம் சொல்லும் அலுமினியப் பலகைகளை நான் நூறு தடவை காரில் கடந்திருப்பேன். வேகத்தைக் குறைத்ததே இல்லை.

நேரம் தின்றது பத்திர வேலைதான். கிடிங்ஸ் கோர்ட் கட்டடத்தில் விற்றவர் அட்டவணை, வாங்கியவர் அட்டவணை என்று இரண்டு. நம்மிடம் விற்றவருக்கு விற்றவர் யார், அவருக்கு விற்றவர் யார் என்று பின்னோக்கிப் போக வேண்டும். நம்மூர் மூலப்பத்திரம் தேடுகிற அதே வேலை. 1874-க்கு முன்னால் போனதும் ஏடு தீர்ந்துவிட்டது. லீ கவுண்டியே அந்த வருடம்தான் பிறந்தது; அதற்கு முன் இந்தப் பக்கமெல்லாம் பாஸ்ட்ராப் கவுண்டி. அங்கே போனால் எல்லைகள் வாரா கணக்கில் இருந்தன. ஸ்பானியக் காலத்து அளவு, ஒரு வாரா 33 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. 'குறி வெட்டிய ஓக் மரத்திலிருந்து மேற்கே இத்தனை வாரா' என்று எழுதியிருக்கும். அந்த ஓக் மரத்துக்கு எங்கே போவது?

திரும்ப கிடிங்ஸுக்கு வந்து, அவசரத்தில் நான் தள்ளிவிட்ட ஒரு பத்திரத்தைப் பொறுமையாகப் படித்தேன். கடைசிக்கு முந்தைய வரி: கல்லறைக்கு விட்ட அரை ஏக்கர் நீங்கலாக. அடுத்தடுத்த பத்திரங்களில் அந்த வரியை யாரோ நகலெடுக்காமல் விட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். விண்ணப்பத்தில் 'உரிமையாளர்' என்ற இடத்தில் என் பெயரையும் மனைவி பெயரையும் அழகாக எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டு, பழைய பத்திரத்தில் அந்த அரை ஏக்கரை விலக்கி வைத்த குடும்பத்தின் பெயரை எழுதினேன்.

சில மாதம் கழித்து ஒப்புதல் வந்தது. வந்த காகிதத்தை நாமேதான் கொண்டுபோய் கிளார்க்கிடம் பதிய வேண்டும். முத்திரை குத்தி ஒரு எண் கொடுத்தார்கள். பதிவு பெற்ற கல்லறை என்று காட்டும் பதக்கப் பலகைக்குத் தனிக் காசு, இன்னும் வாங்கவில்லை. அதற்கு முன்னால், உறவினர்கள் வந்துபோக வேலியில் ஒரு கேட் வைத்தேன். பூட்டு போடவில்லை. போன மாதம் சனிக்கிழமை ஒன்றில் வீட்டுக்கு வந்தபோது கேட் திறந்தே கிடந்தது. மாடு ரெண்டும் ரோட்டில் நின்றன. ஏழு கல்லில் ஒன்றின்மேல் மட்டும் பூ இருந்தது.