பர்லியாறு பலாப்பழமும் லயத்துத் தேத்தண்ணியும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு பாட்லீஃப் ஃபேக்டரியில் பதினோரு வருடமாக டீ ருசி பார்க்கிறேன். பாட்லீஃப் என்றால் சொந்தத் தோட்டம் கிடையாது, சுற்றுவட்டார ஊர்களின் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கி விற்கிற இடம். "சும்மா டீ குடிக்கிறதுக்குச் சம்பளமா?" என்று கேட்காத சொந்தக்காரர் ஒருத்தர்கூட இல்லை. குடிப்பதில்லை, துப்பிவிடுவோம் என்று சொன்னால் இன்னும் சிரிக்கிறார்கள்.

டீக்கு முன்னால் ஒரு பலாப்பழக் கதை. எனக்குப் பத்து வயதிருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் மேலே வரும்போது பர்லியாறில் வண்டி நின்றது, அம்மா பலாச்சுளை வாங்கிக் கொடுத்தார், ஏழெட்டுச் சுளை தின்றிருப்பேன், அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள், முன்னால் போன லாரியின் புகை, குன்னூர் வருவதற்குள் மூன்று தடவை வாந்தி. தப்பு வளைவுகளுடையது, எனக்கே அது நன்றாகத் தெரியும். ஆனாலும் இன்றுவரை பலாப்பழ வாசம் பட்டால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. பஸ்ஸில் ஏற மட்டும் ஒரு தயக்கமும் கிடையாது.

ஜான் கார்சியா என்ற அமெரிக்கர் 1955-ல் எலிகளை வைத்து இதைத்தான் காட்டினார். சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரைக் கொடுத்து, உடம்புக்கு முடியாமல் போகிற மாதிரி கதிர்வீச்சில் வைத்தார், அதன் பிறகு எலிகள் அந்த இனிப்பை ஒதுக்கின. 1966-ல் இன்னும் வேடிக்கையான ஒன்று: எலி தண்ணீரை நக்கும்போதெல்லாம் வெளிச்சமும் சத்தமும் வருகிற மாதிரி செய்தார்கள், தண்ணீரிலும் ஒரு ருசி இருந்தது. உடம்புக்கு முடியாமல் போன எலிகள் ருசியை வெறுத்தன, வெளிச்சத்தையும் சத்தத்தையும் சட்டை செய்யவில்லை. மின்சார அதிர்ச்சி வாங்கிய எலிகள் நேர்மாறு. வயிறு புரண்டால் பழி வாயில் போனதன் மேல்தான். வளைவு தப்பித்தது, பலாப்பழம் மாட்டிக்கொண்டது.

சரி, வேலைக்கு வருவோம். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் டீ மேக்கர், அதாவது ஃபேக்டரியில் தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்பவர். இலங்கையில் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்து, 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்ட குடும்பத்தோடு சிறு பையனாக இங்கே வந்தவர். இத்தனை வருடம் கழித்தும் அவர் வாயில் டீ என்று வராது, 'தேத்தண்ணி'தான். காலையில் முந்தைய நாள் தூளெல்லாம் வரிசையாகக் கோப்பையில் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே எடை, ஒரே கொதிநீர், ஒரே நேரம். "பேரு கேக்காத பாப்பா, மொதல்ல குடி" என்பார். சர்ரென்று சத்தம் வர உறிஞ்சவேண்டும். வீட்டில் அப்படிக் குடித்தால் அம்மா முதுகில் ஒன்று வைத்திருப்பார். ஆனால் அப்படி உறிஞ்சினால்தான் மணம் தொண்டை வழியாக மேலேறி மூக்குக்குப் போகும். நாக்குக்குத் தெரிவது கசப்பு, இனிப்பு மாதிரிச் சில சமாச்சாரங்கள்தான், மீதியெல்லாம் மூக்கு.

மூன்று மாதம் எனக்கு எல்லாமே டீ. அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் நாலாவது கோப்பையில் ஏதோ சுருக்கென்று இருந்தது, நிமிர்ந்து பார்த்தால் அவர் புருவம் ஏறியிருந்தது. அதுதான் 'பிரிஸ்க்'. வார்த்தை அப்புறம்தான் வந்தது. டிரையரில் சூடு மிஞ்சிப்போனது, வாடவைத்தது பத்தாமல் பச்சை வாசம் அடிப்பது என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. வீட்டில் டஸ்ட் தூளைப் பாலோடு கொதிக்கவிட்டுச் சர்க்கரை அள்ளிப்போட்டு வளர்ந்தவள் நான். டிசம்பர், ஜனவரிக் குளிரில் கிள்ளிய இலையைப் பொடியாக்காமல் சுருட்டிச் செய்த ஆர்த்தடாக்ஸ் டீயை முதல் தடவை குடித்தபோது வெந்நீரில் புல்லைப் போட்ட மாதிரி இருந்தது. அடுத்த குளிர்காலத்தில் அதே டீக்காகக் காத்திருந்தேன். திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டாலே ஒரு பொருள் பிடித்துப்போகும் என்று ராபர்ட் ஸயன்ஸ் என்பவர் 1968-ல் எழுதினார். இருக்கலாம், ஆனால் பக்கத்தில் நிற்கிறவர் யார் என்பதும் கணக்கில் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால் மூன்றாவது வருடம் டீ மேக்கர் தன் மகள் கல்யாணத்துக்கு லீவில் போனார். ஃபெர்மென்டேஷனில், அதாவது நொறுக்கிய இலை காற்றுப் பட்டு நிறம் மாறுகிற கட்டத்தில், இருக்கிற தூளை எப்போது டிரையருக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கும் பொறுப்பு என் தலையில். பச்சைப் புல் வாசம் மாறிப் பழ வாசம் வர ஆரம்பித்ததும் அனுப்பிவிட்டேன், வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னால். கோப்பையில் செம்பு நிறம், பளபளப்பு, நாக்கில் அந்தச் சுருக். எனக்கு ஒரே பெருமை. குன்னூர் ஏலத்தில் அந்தச் சரக்குக்கு விலை போகவில்லை. 'சாயம் போதாது, மெலிசு' என்று புரோக்கர் எழுதி அனுப்பினார். எங்கள் தூள் போவது சமவெளி டீக்கடைக்கு. அங்கே கெட்டிப் பாலை ஊற்றியதற்கு அப்புறமும் நிறம் நிற்கவேண்டும். ஒரு வாரம் முழுவதும் முதலாளி முகத்தைப் பார்க்கவே பயம்.

திரும்பி வந்தவர் மிச்சமிருந்த சாம்பிளை ஊறவைத்து உறிஞ்சினார். திட்டுவார் என்று நின்றேன். இரண்டாவது தடவையும் உறிஞ்சினார், துப்பவில்லை, விழுங்கிவிட்டார். "எங்கம்மா ஊத்துன சாயத்தண்ணி மாதிரியே இருக்கு பாப்பா." லயத்தில் பால் ஏது? உள்ளங்கையில் கொஞ்சம் சர்க்கரையை வைத்துக்கொண்டு, அதை நக்கி நக்கி வெறும் தேத்தண்ணி குடித்து வளர்ந்தவர் அவர். ஃபேக்டரிக்கு எது விலை போகும் என்று அவருக்குத் தெரியும், அதன்படிதான் தூளை அனுப்புவார். புருவம் மட்டும் அவருக்குப் பிடித்ததற்கு ஏறியிருக்கிறது. நான் படித்தது அந்தப் புருவத்தை. பார்த்தே இராத ஒரு அம்மாவின் டீ எனக்கு உசத்தியாகிவிட்டிருந்தது. என் அம்மா போடுகிற டீயைப் 'பாயசம்' என்று கிண்டல் செய்துகொண்டிருந்த காலம் அது, இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது என்னிடம் ஒரு பையன் பழகுகிறான். கோப்பையை வாயில் வைத்ததும் என் முகத்தைப் பார்த்தான், அடுத்த கோப்பைக்கும் பார்த்தான். அன்றிலிருந்து ஆளுக்கொரு தாளில் எழுதிவிட்டு அப்புறம்தான் பேச்சு என்று வைத்துக்கொண்டோம். போன மாதம் தொடர்ந்து மூன்று கோப்பைக்கு அவன் 'புகை' என்று எழுதியிருந்தான். எனக்குத் துளிகூடத் தெரியவில்லை, "விறகு வண்டியில வந்தியாடா" என்று கேட்டுவைத்தேன். அவன் விடவில்லை. ஃபிட்டரைக் கூப்பிட்டு டிரையரைக் கழற்றிப் பார்த்தால் சூட்டடுப்புக் குழாய் ஒன்றில் விரிசல். எத்தனை நாளாக அந்தப் புகை தூளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்ததோ, நான்தான் தினமும் அதைக் குடித்துத் துப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.